வீடியோ கேமைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியும். 2003 முதல் தமிழிலும் அது நடந்துவருகிறது. ஆனால் ஊர், கோயில், தலைவர், பறவை என்று எழுதிப் பழகியவர்கள்கூட வீடியோ கேம் என்றதும் தயங்குகிறார்கள். கேம் ஆடும் பிள்ளைகளோ ஆடத் தெரிந்தால் எழுதிவிடலாம் என்று தொடங்குகிறார்கள்; எழுதியது நீக்கப்பட்டதும் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். இரு தரப்பினரும் கேட்கும் சந்தேகங்கள் இவை. ஒரு கேம் எப்படி உருவானது, ஒரு கேம் தொடர் எப்படி வளர்ந்தது என்று எழுதுவதுதான் இதில் கடினமான பகுதி என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறோம்.

விளையாட்டுச் சமாசாரத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் தேவையா?

தேவை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் பேக்-மேன், டெட்ரிஸ் உள்ளிட்ட 14 வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமின் இசையை 2023-இல் சேர்த்தது.

இதைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்றது அந்த ஆய்வு. கேமே கிடைக்காதபோது, அதை யார் செய்தார்கள், என்ன நெருக்கடியில் செய்தார்கள் என்ற செய்தி இன்னும் வேகமாக மறையும். 1970-களிலும் 80-களிலும் கேம் செய்தவர்களில் பலர் இன்று முதியவர்கள். அவர்கள் சொன்னதையும் எழுதியதையும் திரட்டி, ஒழுங்குபடுத்தி, பொதுமக்கள் படிக்கும்படி வைப்பது மதிப்பான வேலை.

கேமை முழுக்க ஆடி முடித்தவன் நான். எனக்குத் தெரிந்ததை எழுதினால் ஏன் சான்று கேட்கிறார்கள்?

கதைச் சுருக்கத்துக்கு அப்படி வற்புறுத்த மாட்டார்கள். நாவலின் கதைக்கு நாவலே சான்று என்பதுபோல் கேமின் கதைக்குக் கேமே சான்று. ஆனால் ‘இந்தத் தொடரிலேயே கடினமானது இதுதான்’ என்றோ, ‘இந்தக் காட்சியை வேறொரு கேமைப் பார்த்து அமைத்திருக்கிறார்கள்’ என்றோ எழுதினால் அது உங்கள் கருத்து. அது சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் எழுதுபவரின் சொந்த ஆய்வை விக்கிப்பீடியா ஏற்பதில்லை. வேறொருவர், நம்பத்தக்க இடத்தில், முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உருவாக்கத்தைப் பற்றி எழுதும்போது இந்த விதி இன்னும் கண்டிப்பாகிறது. எத்தனை முறை ஆடினாலும் உருவாக்கம் திரையில் தெரியாது. 1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இளவரசன் உண்மையான ஆள்போலவே ஓடுவான், தாவுவான், விளிம்பைப் பிடித்துத் தொங்குவான். அதை ஆடியவர் ‘அசைவு இயல்பாக இருக்கிறது’ என்று மட்டுமே சொல்ல முடியும். கேமைச் செய்த ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்து ஒவ்வோர் அசைவாக வரைந்தார். இது அவர் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அவர் எங்கே, எப்போது சொன்னார் என்று காட்டுவதுதான் சான்று.

இன்னொன்று. எந்த அறையில் வாள் இருக்கிறது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்தின் வேலை. கட்டுரையில் வேண்டாம்.

உருவான கதைக்குச் சான்றை எங்கே தேடுவது?

தேடத் தெரிந்தால் நிறையவே கிடைக்கும். கேம் டெவலப்பர் என்ற அமெரிக்க இதழ் 1994 முதல் 2013 வரை வந்தது. அதில் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்றொரு பகுதி. கேம் வெளியான பிறகு, செய்தவர்களே உட்கார்ந்து எது நன்றாக நடந்தது, எங்கே சறுக்கினோம் என்று வெளிப்படையாக எழுதுவார்கள். கட்டுரை எழுதுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸில் மூத்தவர்கள் ஆற்றிய உரைகள் காணொளியாகக் கிடைக்கின்றன. ஜப்பானின் ஃபேமிட்சு, பிரிட்டனின் எட்ஜ், 1981 முதல் 2006 வரை வந்த கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு போன்ற இதழ்கள் அந்தந்தக் காலத்துப் பேட்டிகளைத் தாங்கி நிற்கின்றன. புத்தகங்களும் உண்டு: டூம் கேமைச் செய்தவர்களைப் பற்றி டேவிட் குஷ்னர் 2003-இல் எழுதிய ‘மாஸ்டர்ஸ் ஆஃப் டூம்’, பத்து கேம்கள் உருவான பாட்டைச் சொல்லும் ஜேசன் ஷ்ரையரின் 2017-ஆம் ஆண்டு நூல். ஃபைனல் ஃபேண்டஸி 7 உருவானதைப் பற்றி, அதில் வேலை செய்த பலரிடம் பேசித் தொகுத்த நீண்ட வாய்மொழி வரலாற்றைப் பாலிகன் தளம் 2017-இல் வெளியிட்டது.

மெக்னர் இன்னும் அரிய ஒன்றைச் செய்திருக்கிறார். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைச் செய்த காலத்தில் எழுதிய நாட்குறிப்பையே புத்தகமாக வெளியிட்டார். தொலைந்துபோனதாக நினைத்த அதன் மூல நிரல், 2012-இல் அவருடைய தந்தை வீட்டில் கண்டெடுத்த பழைய ஃபிளாப்பி தட்டுகளில் இருந்தது. அதையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார். நாட்குறிப்பைச் சான்றாகக் காட்டலாமா என்றால், அளவோடு காட்டலாம். எந்த மாதம் எந்த வேலை நடந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. அந்தக் கேம் எவ்வளவு சிறந்தது என்பதற்கு அதைச் செய்தவரே சாட்சி ஆக முடியாது.

இணையத்தில் மட்டும் இருக்கும் சான்றைக் கையாள்வதில் கவனம் வேண்டும். 1991 முதல் வந்த கேம் இன்ஃபார்மர் இதழை 2024 ஆகஸ்டில் மூடினார்கள். இதழோடு அதன் இணையதளத்தையும் எடுத்துவிட்டார்கள். பல ஆண்டுச் செய்திகளும் பேட்டிகளும் ஒரே நாளில் காணாமல் போயின. மறு ஆண்டு இதழ் மீண்டு வந்தது என்றாலும், எல்லா இதழுக்கும் அந்த வாய்ப்பு அமையாது. அதனால் சான்றாகக் காட்டும் பக்கத்தை இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பின்னால் வருபவர் சரிபார்க்க அதுதான் வழி.

ரசிகர்கள் நடத்தும் விக்கிகளில் எல்லாத் தகவலும் இருக்கிறதே?

இருக்கிறது. அக்கறையோடு எழுதியதாகவும் இருக்கும். ஆனால் யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய எதையும் சான்றாக வைக்க முடியாது. விக்கிப்பீடியா கட்டுரைக்கு இன்னொரு விக்கிப்பீடியா கட்டுரையையே சான்றாகக் காட்டக் கூடாது என்பதும் இதனால்தான். கேமில் பணியாற்றியவர்களின் பெயரைத் தொகுக்கும் மோபிகேம்ஸ், விற்பனை எண்ணிக்கை தரும் விஜிசார்ட்ஸ் ஆகியவற்றையும் சான்றாக ஏற்பதில்லை. துப்பு கிடைக்கும் இடமாக அவற்றைப் பயன்படுத்துங்கள். சான்றை அங்கிருந்து மேலே போய்த் தேடுங்கள். விற்பனை எண்ணிக்கைக்கு நிறுவனத்தின் காலாண்டு அறிக்கை இருந்தால் அது மேல். அதிலும் கடைக்கு அனுப்பியது எத்தனை, வாடிக்கையாளர் வாங்கியது எத்தனை என்பதைக் குழப்பிவிடக் கூடாது.

யார் செய்த கேம் என்பதில்கூடவா சிக்கல் வரும்?

வரும். அட்டாரி நிறுவனம் தன் கேம்களைச் செய்தவர்களின் பெயரை ஒரு காலத்தில் வெளியிடவே இல்லை. அந்த மனக்குறையில் வெளியேறிய நிரலாளர்கள் 1979-இல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். உள்ளே இருந்த வாரன் ராபினெட், 1980-இல் வந்த ‘அட்வெஞ்சர்’ கேமில் யாருக்கும் தெரியாமல் ஓர் அறையை வைத்து அதில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனார். ஜப்பானில் 80-களில் பல கேம்களின் முடிவில் வரும் பெயர்ப்பட்டியலில் இருப்பவை புனைபெயர்கள். திறமையான ஊழியரைப் போட்டி நிறுவனம் இழுத்துவிடக் கூடாது என்ற கவலை அதற்கு ஒரு காரணம். இந்தப் புனைபெயர் இவருடையதுதான் என்று நீங்களாக முடிவுகட்டக் கூடாது. அவரே ஒப்புக்கொண்ட பேட்டி வேண்டும். உழைத்தவருக்குப் பெயர் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை நியாயமானது. தப்பான ஆளுக்குப் போனால் அது இன்னொரு அநியாயம்.

செய்தவரே பேட்டியில் சொல்லிவிட்டால் அது உண்மைதானே?

அவர் அப்படிச் சொன்னார் என்பது உண்மை. அதற்கு மேல் போகும்போது கவனம் வேண்டும். பேக்-மேன் உருவத்துக்கு, ஒரு துண்டு எடுத்த பீட்சாதான் மூலம் என்பது புகழ்பெற்ற கதை. அதை உருவாக்கிய டோரு இவதானி சொன்னதுதான். அவரே பிறகு, 1986-இல் வெளியான ஒரு நூலுக்குத் தந்த பேட்டியில், அது பாதிதான் உண்மை என்றார். வாயைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தின் சதுர வடிவை உருட்டி எடுத்ததும் உண்டு என்றார்.

ஃபைனல் ஃபேண்டஸி என்ற பெயர் வந்த கதையை இரு வேறு ஆட்கள் இரு வேறாகச் சொல்கிறார்கள். அதைச் செய்த நிறுவனமும் நலிந்திருந்தது, உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சிக்கும் அதுவே கடைசி முயற்சியாக இருந்திருக்கும். அதனால் வந்தது அந்தப் பெயர் என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. தொடருக்கு இசையமைத்த நோபுவோ உவெமாட்சு அதை ஒட்டியே பேசியிருக்கிறார். சகாகுச்சியோ 2015-இல் வேறு காரணம் சொன்னார். ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரண்டு சொற்கள் வேண்டும் என்று தேடினோம், முதலில் நினைத்த பெயர் ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்ததால் இதை வைத்தோம் என்றார். கட்டுரை எழுதுபவர் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இவர் இந்த ஆண்டில் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று இரண்டையும் பெயரோடு வைத்தால் போதும். முப்பது ஆண்டுக்கு முந்தைய அலுவலகப் பேச்சை மனிதர்கள் வேறு வேறாக நினைவில் வைத்திருப்பது இயல்பு. அந்த வேறுபாடும் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

வெளியான தேதியையாவது உறுதியாக எழுதலாம் அல்லவா?

உலகின் மிகப் புகழ்பெற்ற கேமிலேயே அது முடியவில்லை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஜப்பானில் வெளியானது 1985 செப்டம்பர் 13. அதில் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் எந்த நாள் வெளியானது? கேம் வரலாற்றாளர் ஃபிராங்க் சிஃபால்டி 2012-இல் இதைத் தோண்டிப் பார்த்தார். பழைய செய்தித்தாள், விளம்பரம், அந்தக் காலத்து ஆட்களின் நினைவு என்று அலசியும் ஒரு நாளை நிறுவ முடியவில்லை என்று எழுதினார். 1985 அக்டோபரில் நியூயார்க் வட்டாரத்தில் நின்டெண்டோ கருவி விற்பனைக்கு வந்தபோதே இதுவும் வந்தது என்பார்கள் சிலர். பின்னால்தான் வந்தது என்பார்கள் வேறு சிலர்.

காரணம் எளியது. இன்றுபோல் ஒரே நாளில் நாடு முழுதும் வெளியீடு என்ற வழக்கம் அன்று இல்லை. பெட்டி கடைக்கு வந்த நாளில் எடுத்து அடுக்கினார்கள். அதை யாரும் குறித்து வைக்கவில்லை. டெட்ரிஸுக்கும் இதே கதிதான். மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் அதை எழுதியது 1984 ஜூன் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1985 என்று சொல்லும் சான்றுகளும் உண்டு.

இப்படிப்பட்ட இடத்தில் ஆண்டை மட்டும் எழுதி, சான்றுகள் வேறுபடுவதை ஒரு வரியில் சொல்லிவிடுவதே நேர்மை. கட்டுரையின் தகவல் பெட்டியில் தேதிக்கு ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக ஒரு நாளைப் போட்டு நிரப்பக் கூடாது. நீங்கள் போட்ட நாளை ஒரு செய்தித் தளம் எடுத்து வெளியிடும். அடுத்த ஆண்டு இன்னொருவர் வந்து, அந்தச் செய்தியையே உங்கள் தேதிக்குச் சான்றாகச் சேர்ப்பார். அதன்பின் அந்தப் பிழையைக் களைவது பெரும்பாடு.

அச்சில் வந்த இதழை நம்பலாம்தானே?

பெரும்பாலும். ஆனால் எப்போதும் அல்ல. 1992 ஏப்ரலில் எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லி என்ற அமெரிக்க இதழ், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கேமில் ஷெங் லாங் என்ற ரகசிய எதிராளி இருப்பதாகவும், அவரை வரவழைக்கும் முறை இது என்றும் எழுதியது. அது முட்டாள்கள் தினக் குறும்பு. வேறு இதழ்கள் அதை மெய்யென்று நம்பி மறுபடி அச்சிட்டன. எத்தனையோ பிள்ளைகள் காசைப் போட்டுப் போட்டுத் தேடினார்கள். பத்து இடத்தில் வந்த செய்தி என்பதால் பத்துச் சான்று ஆகிவிடாது. பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்ததா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறும் நடந்திருக்கிறது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா சுமார் ஐந்து வாரத்தில் எழுதி முடித்த ‘ஈ.டி.’ கேம் 1982-இல் வெளியாகித் தோற்றது. விற்காத கார்ட்ரிட்ஜுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் அட்டாரி புதைத்தது. 1983 செப்டம்பரிலேயே செய்தித்தாள்களில் இது வந்தது. ஆனாலும் காலப்போக்கில் அதைக் கட்டுக்கதை என்றே பலர் ஒதுக்கிவிட்டார்கள். 2014 ஏப்ரல் 26 அன்று தோண்டினார்கள். சுமார் 1,300 கார்ட்ரிட்ஜுகள் வெளியே வந்தன. எல்லாமே ‘ஈ.டி.’ என்பதும் சரியில்லை என்று அப்போது தெரிந்தது. வேறு பல கேம்களும் அங்கே கிடந்தன. சம்பவம் நடந்த காலத்துச் செய்தியைத் தேடிப் படிப்பதன் அருமை இதில் விளங்கும்.

தொடருக்குத் தனிக் கட்டுரை எப்போது எழுதலாம்?

இரண்டு கேம் வந்ததும் அவசரப்பட வேண்டாம். மூன்றாவது வந்து, தொடர் முழுவதையும் பற்றி மற்றவர்கள் எழுதத் தொடங்கிய பிறகு எழுதினால் கட்டுரை நிற்கும். ஒவ்வொரு கேமின் கதையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவைப்பது தொடர் கட்டுரை ஆகாது. எது தொடர்ந்தது, எது மாறியது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதே அதன் பொருள்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவையே மறுபடி பாருங்கள். மெக்னர் ஏறக்குறையத் தனியாளாகச் செய்த முதல் கேம். 1993-இல் இரண்டாம் பாகம். 1999-இல் முப்பரிமாணத்தில் ஒரு முயற்சி. 2003-இல் யூபிசாஃப்டின் மான்ட்ரியால் கூடம் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ வழியாக அதற்குப் புத்துயிர் கொடுத்தது. 2008-இல் வந்தது வேறு கதை, வேறு இளவரசன். பெயர் மட்டும் வெறும் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. 2024-இல் ‘தி லாஸ்ட் கிரவுன்’. எல்லாவற்றையும் ஒரே கதை என்று நினைத்து எழுதினால் வாசகர் தடுமாறுவார். அசாசின்ஸ் கிரீட் எங்கே வரும்? பிரின்ஸ் ஆஃப் பெர்சியா தொடரின் அடுத்த கேமாகத் தொடங்கி, வளர்ந்து, 2007-இல் தனித் தொடராக வெளியானது அது. இந்தத் தொடரின் கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி உண்டு, பட்டியலில் இடமில்லை.

எண்களும் ஏமாற்றும். ஜப்பானில் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 4, அமெரிக்காவில் 1991-இல் 2 என்ற எண்ணோடு விற்பனைக்கு வந்தது. ஆறாவது, 1994-இல் அங்கே 3 ஆயிற்று. பழைய அமெரிக்க இதழில் ‘ஃபைனல் ஃபேண்டஸி 3’ விமர்சனத்தைப் பார்த்துச் சான்றாகச் சேர்க்கும்போது எந்தக் கேமைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஆண்டைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். செல்டா தொடரின் கேம்களில் எது முன், எது பின் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2011 டிசம்பரில் நின்டெண்டோவே ஒரு நூலில் காலவரிசையை வெளியிட்டது. அதற்கு முன் எழுதியதில் பெரும்பகுதி ஊகம்.

உருவாக்கத்துக்கு மட்டுமே தனிக் கட்டுரை உண்டா?

உண்டு. டியூக் நூகெம் ஃபாரெவர் உருவான கதைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை இருக்கிறது. 1997 ஏப்ரலில் அறிவித்த கேம் 2011 ஜூனில்தான் வெளியானது. இடையில் கேம் என்ஜினை மாற்றினார்கள், செய்ததை மறுபடி செய்தார்கள், 2009 மே மாதம் 3டி ரியல்ம்ஸ் நிறுவனம் அந்தக் குழுவையே கலைத்தது. பிறகு கியர்பாக்ஸ் நிறுவனம் எடுத்து முடித்தது. அந்த 14 ஆண்டுகளைப் பற்றித் தனியாகவே நிறைய எழுதியிருக்கிறார்கள் என்பதால் கட்டுரை தாங்குகிறது. அவ்வளவு சான்று இல்லாத கேமுக்கு, கட்டுரைக்குள் ஒரு பகுதி போதும்.

கேமின் அட்டைப்படத்தைப் போடலாமா?

பெரும்பாலான அட்டைப்படங்களுக்குக் காப்புரிமை உண்டு. விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். செய்தவர்கள் மேடையில் பேசும்போது நீங்களே எடுத்த புகைப்படத்தைத் தாராளமாக ஏற்றலாம்.

என் நண்பர் ஒரு கேம் செய்திருக்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?

வேண்டாம். நெருங்கியவரைப் பற்றி நடுநிலையாக எழுதுவது கடினம். காசு வாங்கி எழுதினால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. நண்பரின் கேமைப் பற்றி அவருக்குத் தொடர்பில்லாதவர்கள் விரிவாக எழுதும்வரை பொறுத்திருங்கள். குறிப்பிடத்தக்கமை என்று விக்கிப்பீடியர்கள் சொல்வது இதைத்தான்.

சிறிய குழு என்பது தடை இல்லை. டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லியும் புட்டும் செய்தபடியே கதை நகரும். மறு ஆண்டு சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் பெரும் பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. உலகெங்கும் இதழ்கள் அதைச் செய்தவர்களைப் பேட்டி கண்டிருக்கின்றன. தமிழில் விரிவாக, நல்ல உருவாக்கப் பகுதியோடு எழுதத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான கேம் எனக்குத் தெரியவில்லை. சான்றுகள் ஆங்கிலத்தில் இருப்பது குறையே இல்லை. எந்த மொழிச் சான்றும் செல்லும்.

ஆங்கிலக் கட்டுரையை அப்படியே மொழிபெயர்த்தால் போதாதா?

உரிமைப்படி தடையில்லை, எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிட்டால் போதும். ஆனால் சான்றைத் திறந்து படிக்காமல் மொழிபெயர்த்தால் அங்குள்ள பிழையும் சேர்ந்து வரும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால் தமிழாகவும் இருக்காது, கேம் தெரிந்தவருக்கும் புரியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதச் சொன்னால் இல்லாத இதழுக்கும் இல்லாத பக்க எண்ணுக்கும் சான்று கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. சான்றை உங்கள் கண்ணால் பாருங்கள். கேம், லெவல், கன்சோல் போன்ற பழகிய சொற்களை அப்படியே எழுதுவதா, தமிழ்ச் சொல் இடுவதா என்பது ஒவ்வொரு கட்டுரையிலும் வரும் கேள்வி. வாசகர் தயங்காமல் படிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்து, கட்டுரை முழுதும் ஒன்றையே பயன்படுத்துங்கள்.

எழுதியதை யாராவது நீக்கிவிட்டால்?

முதலில் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, நீக்கியவர் எழுதிய காரணத்தைப் படியுங்கள். உங்கள் வரிகள் அங்கே அப்படியே இருக்கும். சான்று இல்லை என்பது காரணம் என்றால், சான்றைத் தேடி எடுத்து மறுபடி சேர்க்கலாம். காரணம் ஏற்க முடியாததாகத் தோன்றினால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். மாற்றி மாற்றி நீக்கிக்கொண்டிருந்தால் இருவரும் எழுத முடியாதபடி தடை செய்யக்கூடும். புதியவர்கள் முதலில் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகிக்கொண்டு, பிறகு இருக்கும் கட்டுரை ஒன்றில் ‘உருவாக்கம்’ என்ற பகுதியை மட்டும் சேர்த்துத் தொடங்கலாம். இரண்டு பேட்டி, ஒரு பழைய இதழ்ப் பக்கம், நான்கு பத்தி. அந்த அளவில் ஒரு வார இறுதி வேலைதான்.